பாராதைராய்டு அணுக்கருப் படம்

பாராதைராய்டு அணுக்கருப் படம் என்பது, அளவுமீறிச் சுரக்கும் பாராதைராய்டு சுரப்பி கழுத்திலோ மார்பிலோ எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அறுவை சிகிச்சைக்கு முன்பே கண்டறிவதற்காக எடுக்கப்படும் படமாகும். மிகச் சிறிய அளவு கதிரியக்க மருந்தை ஊசி வழியாக இரத்தத்தில் செலுத்தி, அது உடலில் எங்கே தங்குகிறது என்பதைக் காமா கேமரா என்னும் கருவியால் பதிவு செய்கிறார்கள். டெக்னீசியம்-99எம் செஸ்டாமிபி என்ற மருந்தே இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. அதனால் மருத்துவரின் சீட்டில் 'செஸ்டாமிபி ஸ்கேன்' அல்லது சுருக்கமாக 'மிபி ஸ்கேன்' என்று எழுதியிருக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நோய் இருக்கிறதா இல்லையா என்பதை இந்தப் படம் தீர்மானிப்பதில்லை. அதைத் தீர்மானிப்பது இரத்தப் பரிசோதனை. நோய் உறுதியாகி, அறுவை செய்யலாம் என்று முடிவும் ஆன பிறகு, 'எங்கே?' என்ற கேள்விக்கு விடை தேடுவதே இந்தப் படத்தின் வேலை. இந்த வரிசை தலைகீழாகும்போது தொல்லை தொடங்குகிறது. படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்ற ஒரு வரியைப் படித்துவிட்டு, நோயே இல்லை என்று எண்ணி வீடு திரும்புபவர்கள் உண்டு. அவர்களுடைய எலும்பு கரைவது மட்டும் நிற்பதில்லை.

நான்கு சிறு சுரப்பிகள்

கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தது போல் இருப்பது தைராய்டு சுரப்பி. அதன் பின்புறத்தில் பக்கத்துக்கு இரண்டாக ஒட்டிக்கொண்டிருப்பவை பாராதைராய்டு சுரப்பிகள். தமிழ்க் கலைச்சொல்லாக்கத்தில் இவற்றை இணைகேடயச் சுரப்பிகள் என்பர். ஒவ்வொன்றும் ஓர் உளுந்தின் அளவுதான் இருக்கும். எடை 30 முதல் 50 மில்லிகிராம். பெயரிலும் இடத்திலும் தைராய்டுடன் ஒட்டியிருந்தாலும் இவற்றின் வேலை முற்றிலும் வேறு. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவருக்கு வரும் நோயும் இதுவும் ஒன்றல்ல.

இவை சுரக்கும் ஹார்மோனைப் பி.டி.எச். என்று ஆய்வக அறிக்கைகளில் காணலாம். இரத்தத்தில் கால்சியம் எனும் சுண்ணாம்புச்சத்து குறைந்தால் இந்த ஹார்மோன் கூடுகிறது; எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து இரத்தத்தில் விடுகிறது; சிறுநீரில் அது வீணாகாமல் தடுக்கிறது. கால்சியம் போதிய அளவுக்கு வந்ததும் சுரப்பு தானே குறைந்துவிடும். நான்கில் ஒன்று கட்டியாகி இந்தக் கட்டுப்பாட்டை மீறிச் சுரக்கத் தொடங்குவதே முதன்மைப் பாராதைராய்டு மிகைச்சுரப்பு என்னும் நோய். இந்த நோயாளிகளில் நூற்றுக்கு 85 பேர் அளவில் ஒரே ஒரு சுரப்பிதான் கெட்டிருக்கும். அது பெரும்பாலும் அடினோமா என்னும் புற்றுநோயல்லாத கட்டி. மற்றவர்களில் ஒன்றுக்கு மேற்பட்ட சுரப்பிகள் வீங்கியிருக்கும். புற்றுநோயாக இருப்பது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு.

கெட்ட சுரப்பியை எடுத்துவிட்டால் நோய் தீரும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இந்தச் சுரப்பிகள் எல்லோருக்கும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. கருவில் மேல் இரண்டும் ஓரிடத்திலும், கீழ் இரண்டும் தைமஸ் சுரப்பியோடு சேர்ந்து வேறிடத்திலும் தோன்றிக் கழுத்துக்கு இறங்கி வருகின்றன. தைமஸ் மார்புக்குள் போய்ச் சேரும். பாராதைராய்டு கழுத்திலேயே நின்றுவிட வேண்டும். சிலருக்கு அது நிற்காமல் தைமஸுடனேயே மார்புக்குள் இறங்கிவிடுகிறது. சிலருக்குத் தாடைக்குக் கீழேயே தங்கிவிடுகிறது. உணவுக்குழாயின் பின்னாலும், தைராய்டின் சதைக்குள்ளேயும்கூட இருப்பதுண்டு. எண்ணிக்கையும் எல்லோருக்கும் நான்கல்ல. சிலருக்கு மூன்று, சிலருக்கு ஐந்து.

கண்டறிந்த வரலாற்றில் இந்தியாவுக்கு ஒரு விந்தையான பங்கு உண்டு. இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் 15 ஆண்டுகள் வாழ்ந்து 1849இல் இறந்த இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்து ஆராய்ந்த ரிச்சர்டு ஓவன், அதன் தைராய்டில் ஒட்டியிருந்த மஞ்சள் நிறச் சிறு சுரப்பியை முதலில் குறித்து வைத்தார். மனிதரில் அதைக் கண்டு விளக்கியவர் சுவீடனின் உப்சாலாவில் மருத்துவம் பயின்ற ஐவர் சாண்ட்ஸ்டுரோம், ஆண்டு 1880.

கொங்கு நாட்டில் நோய் மறைந்திருக்கும் விதம்

பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டும் நாற்பது வயதுப் பெண் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். இரண்டு முறை சிறுநீரகக் கல் வந்து போயிருக்கிறது. இடுப்பும் காலும் ஓயாமல் வலிக்கின்றன. உட்கார்ந்தால் எழக் கை ஊன்ற வேண்டியிருக்கிறது. மலச்சிக்கல், அசதி, எதிலும் மனம் ஒட்டாமை. வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் சொல்லப்படும் விளக்கம் ஒன்றுதான்: "போர்த் தண்ணி சேர்லீங்க."

இந்த விளக்கம் வெறும் கட்டுக்கதையல்ல. அதனால்தான் அது ஆபத்தானது. கோவை மாநகரத்தின் பல பகுதிகளுக்குச் சிறுவாணித் தண்ணீர் வருகிறது. ஆனால் கிழக்கே போகப்போக ஆழ்துளைக் கிணற்று நீரின் கடினத்தன்மை நாக்குக்கே தெரியும். வடகிழக்கில் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்து, பல்லும் எலும்பும் பாதிக்கப்படுவது உண்மையாகவே ஒரு பெரிய சிக்கல். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. கல் வருவதற்கும் வெயில், குறைவாக நீர் அருந்துதல், உணவு என்று பல காரணங்கள் உள்ளன. சிறுநீரகக் கல் வந்தவர்களில் மிகச் சிலருக்கே பாராதைராய்டு காரணம்.

ஆனால் அந்தச் சிலரை மற்றவர்களிடமிருந்து பிரித்தறிய ஆகும் செலவு ஓர் எளிய இரத்தப் பரிசோதனைதான். இரத்தக் கால்சியம் ஒரு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை இருப்பது இயல்பு. திரும்பத் திரும்ப அதற்கு மேல் இருந்தால் பி.டி.எச். அளவையும் பார்க்க வேண்டும். கால்சியம் உயர்ந்திருக்கும்போது பி.டி.எச். அடங்கிக் கிடக்க வேண்டும். அப்படியல்லாமல் அதுவும் உயர்ந்திருந்தாலோ, 'இயல்பு' என்று அச்சிட்ட எல்லைக்குள் இருந்தாலோகூட, சுரப்பி கட்டுப்பாட்டை மீறிவிட்டது என்று பொருள். அறிக்கையில் தடித்த எழுத்தோ நட்சத்திரக் குறியோ இல்லாததால் இந்த இரண்டாவது நிலை கண்ணில் படாமலே போய்விடுவதுண்டு.

எலும்பு எக்ஸ்ரேயும் ஓரளவு பிரித்துக் காட்டும். புளோரைடு பாதித்த எலும்பு அடர்ந்து வெண்மையாகத் தெரியும். பாராதைராய்டு நோயில் எலும்பு அரித்தது போலிருக்கும், விரல் எலும்புகளின் ஓரம் கரைந்திருக்கும். முற்றிய நிலையில் தாடையிலோ கால் எலும்பிலோ பழுப்புக் கட்டி என்று சொல்லப்படும் பள்ளங்கள் தோன்றும். இவற்றை எலும்புப் புற்றுநோய் என்றோ வேறு எலும்புக் கட்டி என்றோ எண்ணி அறுப்பது பாடநூல்கள் தொடர்ந்து எச்சரிக்கும் பிழை. எலும்பில் கட்டி என்றால் கத்தியை எடுக்கும் முன் கால்சியம் பார்க்க வேண்டும் என்பது எலும்பு மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லித்தரப்படும் பாலபாடம்.

மேலைநாடுகளில் இந்த நோய் இப்போது பெரும்பாலும் வழக்கமான இரத்தப் பரிசோதனையின்போது தற்செயலாகத் தெரியவருகிறது. அந்த நோயாளிக்கு எந்தத் தொல்லையும் இருப்பதில்லை. இந்தியாவில் கதை வேறு. பல மருத்துவமனைகளிலிருந்து தொகுக்கப்பட்ட இந்திய நோயாளர் பதிவேட்டில் இருந்த 464 பேரின் சராசரி வயது 41தான். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் எலும்பு வலியுடன் வந்தவர்கள். ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குச் சிறுநீரகக் கல் இருந்தது. பெண்கள் பத்துக்கு ஏழு பேர். நாம் தாமதமாகக் கண்டுபிடிக்கிறோம் என்பதே இதன் பொருள். வைட்டமின் டி குறைபாடு பரவலாக இருப்பது எலும்புப் பாதிப்பை இன்னும் கடுமையாக்குகிறது. அதே குறைபாடு இரத்தக் கால்சியத்தைச் சற்றுக் குறைத்துக் காட்டி நோயை மறைக்கவும் செய்கிறது. தாமதத்தில் ஒரு சிறிய அனுகூலமும் உண்டு: கட்டி பெரிதாக வளர்ந்திருப்பதால் படத்தில் தெரியும் வாய்ப்பு கூடுதல்.

ஏழு முறை அறுக்கப்பட்ட கப்பல் தலைவர்

இடம் தெரியாமல் தேடினால் என்ன ஆகும் என்பதற்கு மருத்துவ வரலாற்றில் ஒரு பெயர் உண்டு: அமெரிக்க வணிகக் கப்பல் தலைவர் சார்லஸ் மார்ட்டெல். எலும்புகள் முறிந்து முறிந்து கூடி, ஏழு அங்குலம் உயரம் குறைந்து போனவர். வியன்னாவில் ஃபெலிக்ஸ் மாண்டல் 1925இல் ஒரு டிராம் நடத்துநரின் பாராதைராய்டு கட்டியை எடுத்து அவரை நடக்க வைத்திருந்தார். அந்த வழியிலேயே மார்ட்டெலுக்கும் அறுவை செய்யப்பட்டது. 1926 தொடங்கி ஆறு முறை அறுத்துத் தேடியும் கட்டி கிடைக்கவில்லை. அவரே நூலகத்தில் உடற்கூற்று நூல்களைப் படித்து, மார்புக்குள் தேடுங்கள் என்று வற்புறுத்தினார் என்பர். பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் 1932இல் நடந்த ஏழாவது அறுவையில் மார்பைத் திறந்தபோது கட்டி அங்கேதான் இருந்தது. கால்சியம் இறங்கியது. ஆனால் சிறுநீரகம் அதற்குள் கெட்டுப்போயிருந்தது. சிறுநீர்க்குழாயில் சிக்கிய கல்லால் வந்த சிக்கலில் சில வாரங்களில் அவர் இறந்துபோனார்.

அந்த ஆறு அறுவைகளிலும் அறுவையர் கையில் கத்தி இருந்தது, வரைபடம் இல்லை. கழுத்தில் ஏற்கெனவே ஒருமுறை அறுத்த இடத்தில் தழும்பு பிடித்துவிடும். அடுத்த முறை தேடும்போது குரலை இயக்கும் நரம்பு பழுதாகும் அபாயம் கூடும். முதல் அறுவையிலேயே சரியான இடத்துக்குப் போக வேண்டும் என்று இவ்வளவு அக்கறை காட்டுவது இதனால்தான்.

இதய மருந்து கழுத்துக்கு வந்தது

படத்துக்குப் பயன்படும் டெக்னீசியம் இயற்கையில் கிட்டத்தட்டக் கிடைக்காத தனிமம். 1937இல் இத்தாலியின் பலெர்மோவில் எமிலியோ செக்ரேயும் கார்லோ பெரியரும் அதைக் கண்டறிந்தார்கள். மனிதர் செயற்கையாக உண்டாக்கிக் கண்ட முதல் தனிமம் அது. அதன் 99எம் வடிவம் 140 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள காமா கதிரை வெளியிடுகிறது. உடலைத் தாண்டி வெளியே வருவதற்கும், கேமராவில் பதிவாவதற்கும் இது பொருத்தமான ஆற்றல். அரைவாழ்வுக் காலம் 6 மணி நேரம். காலையில் ஊசி போட்டால் மறுநாள் காலைக்குள் பதினாறில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும். சிறுநீரிலும் மலத்திலும் வெளியேறுவது தனி.

ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும் பொருளை மும்பையிலிருந்து கோவைக்கு எப்படிக் கொண்டுவருவது? கொண்டுவருவதில்லை. அதன் தாய்த் தனிமமான மாலிப்டினம்-99ஐ அடைத்த கலம் ஒன்று வருகிறது. மாலிப்டினத்தின் அரைவாழ்வு 66 மணி நேரம். அது சிதையச் சிதைய டெக்னீசியம் ஊறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு நாள் காலையிலும் உப்புக் கரைசலை உள்ளே செலுத்தி, ஊறிய டெக்னீசியத்தை மட்டும் கழுவி எடுத்துக்கொள்வார்கள். துறையினர் இதைப் 'பால் கறப்பது' என்றே சொல்வார்கள். ஒரு வாரமானால் கலம் வற்றிவிடும். புதியது வர வேண்டும். இந்தியாவில் இத்தகைய கலங்களையும் அவற்றோடு சேர்க்கும் மருந்துத் தொகுப்புகளையும் அணுசக்தித் துறையின் கீழுள்ள கதிரியக்க, ஐசோடோப்புத் தொழில்நுட்ப வாரியம் வழங்குகிறது. அணுக்கரு மருத்துவப் பிரிவு நடத்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும். இந்தப் படத்துக்கு நாள் குறித்துத் தருவதும், சில வேளை அந்த நாள் தள்ளிப்போவதும் ஏன் என்பது இப்போது விளங்கும். உலகின் மாலிப்டினத்தில் பெரும்பங்கைச் சில பழைய அணு உலைகளே உண்டாக்கிவந்தன. அவற்றில் கனடாவின் சாக் ரிவர் உலை 2009இல் நின்றபோது உலகெங்கும் மருத்துவமனைகள் படங்களைத் தள்ளிவைத்தன.

டெக்னீசியத்தை மட்டும் செலுத்தினால் அது தைராய்டுக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் போய்விடும். அதை ஆறு ஐசோநைட்ரைல் மூலக்கூறுகள் சூழ்ந்த வடிவமே செஸ்டாமிபி. பெயரிலுள்ள 'செஸ்டா' அந்த ஆறைத்தான் குறிக்கிறது. இதயத் தசைக்கு இரத்தம் சரியாகப் போகிறதா என்று பார்ப்பதற்காக உருவான மருந்து இது. மின்னூட்டம் கொண்ட இந்த மூலக்கூறு உயிரணுவின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் புகுந்து தங்குகிறது. இதயத் தசையில் மைட்டோகாண்ட்ரியா நிறைய உண்டு. பாராதைராய்டு கட்டியிலும் அப்படியே. இதை 1989இல் பிரிட்டனில் கோக்லி குழுவினர் கவனித்து எழுதினர். அதற்கு முன் 1980களில் தாலியம்-201ஐயும் டெக்னீசியத்தையும் அடுத்தடுத்துச் செலுத்தி ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும் முறை வழக்கில் இருந்தது. கனடாவின் டைல்ஃபெர் குழு 1992இல் ஒரே மருந்தில், இரண்டு நேரங்களில் படமெடுக்கும் எளிய முறையை வெளியிட்டபின் செஸ்டாமிபி பரவலானது.

சாயம் போகாத துணி

ஊசி போட்ட 10 அல்லது 15 நிமிடத்தில் முதல் படம் எடுக்கிறார்கள். அப்போது தைராய்டும் ஒளிரும், கட்டியும் ஒளிரும். இரண்டையும் பிரிக்க முடியாது. ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம் கழித்து இரண்டாம் படம். அதற்குள் தைராய்டு தான் வாங்கிய மருந்தை வெளியே விட்டிருக்கும். மைட்டோகாண்ட்ரியா மிகுந்த கட்டியோ விடாமல் பிடித்திருக்கும். ஒரே தொட்டியில் முக்கிய இரண்டு துணிகளைத் திருப்பூர்ச் சாயப்பட்டறையில் அலசினால், சாயம் சரியாகப் பிடிக்காதது முதல் அலசலிலேயே வெளுத்துவிடும். பிடித்தது அப்படியே நிற்கும். இரண்டாம் படத்தில் நிற்கும் அந்தப் பொட்டுதான் தேடும் இடம்.

எல்லாக் கட்டியும் இப்படி நடந்துகொள்வதில்லை. சில கட்டிகள் தைராய்டைப் போலவே வேகமாக மருந்தை விட்டுவிடும். அப்போது கழித்தல் முறை உதவும். தைராய்டுக்கு மட்டும் போகும் மருந்தால் ஒரு படம், இரண்டுக்கும் போகும் செஸ்டாமிபியால் ஒரு படம். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கணினியில் கழித்தால் மிஞ்சுவது பாராதைராய்டு. அண்மையில் அயோடின் கலந்த சாய ஊசியுடன் சி.டி. ஸ்கேன் எடுத்தவருக்கும், தைராய்டு மாத்திரை சாப்பிடுபவருக்கும் தைராய்டு மருந்தை வாங்காமல் போகலாம். ஆகவே இந்த முறையில் எடுப்பதானால் இரண்டையும் மருத்துவரிடம் முன்பே சொல்ல வேண்டும்.

தட்டையான படம் இடவலம் சொல்லும், ஆழம் சொல்லாது. கேமராவை உடலைச் சுற்றிச் சுழற்றி முப்பரிமாணமாக எடுப்பது ஸ்பெக்ட். அதோடு சி.டி. படத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்துவது ஸ்பெக்ட்-சி.டி. அறுவையருக்கு உண்மையில் உதவுவது இதுதான். 'இடது கீழ்ப் பக்கம்' என்பதற்கும் 'இடது தைராய்டின் கீழ் நுனிக்குப் பின்னால், மூச்சுக்குழாயை ஒட்டி' என்பதற்கும் அறுவை மேசையில் பெரிய வேறுபாடு உண்டு.

கோவையில் அவிநாசி சாலையை ஒட்டி வளர்ந்த பெரிய மருத்துவமனைகளில் அணுக்கரு மருத்துவப் பிரிவுகள் வந்துவிட்டன. ஈரோடு, கரூர், பொள்ளாச்சி, நீலகிரிப் பக்கத்திலிருந்தும் இங்கே வருகிறார்கள். வருபவர் அரை நாளை ஒதுக்கிக்கொள்ள வேண்டும். படம் எடுக்கும் நேரத்தைவிட இரண்டு படங்களுக்கு இடையே காத்திருக்கும் நேரமே அதிகம். தோளுக்கடியில் ஒரு சிறு தலையணை வைத்துக் கழுத்தை நிமிர்த்தி மல்லாக்கப் படுக்க வேண்டும், அசையக் கூடாது. கருவி சத்தம் போடாது, குகை போல மூடிக்கொள்ளாது. தாடையிலிருந்து இதயம் வரை படத்துக்குள் வர வேண்டும். மார்ட்டெலின் கட்டி இருந்த இடத்தை மறந்துவிடக் கூடாது.

கதிரியக்கம் என்றதும் வரும் பயத்துக்கு எண்ணால் விடை சொல்லலாம். வழக்கமாகச் செலுத்தப்படும் 740 மெகாபெக்கரல், அதாவது 20 மில்லிகியூரி மருந்தால் உடலுக்குக் கிடைக்கும் கதிர் அளவு ஏறத்தாழ 6 முதல் 7 மில்லிசீவெர்ட். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் உணவிலிருந்தும் ஒரு மனிதர் ஆண்டுக்குப் பெறும் இயற்கைக் கதிர் உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவெர்ட். மூன்றாண்டில் இயற்கையாகப் பெறுவதை ஒரே நாளில் பெறுகிறோம் என்று கொள்ளலாம். தேவையில்லாமல் எடுக்கும் அளவுக்கு அற்பமல்ல. தேவையுள்ளவர் அஞ்சும் அளவுக்குப் பெரிதுமல்ல. கருவுற்றிருப்பவரும், அப்படி இருக்கலாம் என்று ஐயமுள்ளவரும், பாலூட்டும் தாயும் ஊசிக்கு முன் சொல்லிவிட வேண்டும்.

படம் ஏமாற்றும் இடங்கள்

ஒற்றைக் கட்டியாக இருந்தால் நல்ல கருவியில் பத்துக்கு எட்டுப் பேர் அளவில் இடம் தெரிந்துவிடும். மீதி இருவருக்குத் தெரியாது. கட்டி மிகச் சிறிதாக இருக்கலாம், மைட்டோகாண்ட்ரியா குறைவாக இருக்கலாம், மருந்தை வேகமாக விட்டிருக்கலாம். நான்கு சுரப்பிகளும் சேர்ந்து வீங்கியிருந்தால் தவறவிடும் வாய்ப்பு இன்னும் அதிகம். நான்கில் பெரியது ஒன்று மட்டும் ஒளிர்ந்து, நோய் ஓரிடத்தில்தான் என்று நம்ப வைத்துவிடவும் கூடும். தைராய்டில் கழலை இருந்தால் அதுவும் மருந்தைப் பிடித்துக்கொண்டு பாராதைராய்டு போல நடிக்கும். கழுத்துக் கழலை நம் பக்கம் அரிதல்ல. ஆகவே அல்ட்ராசவுண்டு படத்தையும் சேர்த்துப் பார்க்காமல் செஸ்டாமிபி படத்தைத் தனியே படிப்பது சரியல்ல. செஸ்டாமிபியும் அல்ட்ராசவுண்டும் ஒரே இடத்தைக் காட்டினால் அறுவையர் நம்பிக்கையோடு அந்த ஓரிடத்தை மட்டும் சிறு கீறலில் திறக்கலாம். இரண்டும் வேறு வேறு சொன்னால் நுண்ணிய சி.டி. படத்தையோ, ஃபுளோரோகோலின் மருந்து கொண்டு எடுக்கும் பெட் படத்தையோ நாடுகிறார்கள்.

ஃபுளோரோகோலின் பெட் படம் செஸ்டாமிபி தவறவிட்ட சிறு கட்டிகளையும் பல வேளை காட்டிவிடுகிறது, நேரமும் குறைவு. ஆனால் அதிலுள்ள ஃபுளோரின்-18இன் அரைவாழ்வு 110 நிமிடம்தான். சைக்ளோட்ரான் நிலையத்திலிருந்து சில மணி நேரப் பயணத்துக்குள் மருத்துவமனை இருக்க வேண்டும். வாரக்கணக்கில் ஊறும் கலம் அதற்குக் கிடையாது. செஸ்டாமிபி இன்னும் நிலைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எதிலுமே தெரியவில்லை என்றால்? நோய் இல்லை என்று பொருளல்ல. அமெரிக்கக் கதிர்ப்பட மருத்துவர் ஜான் டாப்மன் 1980களில் சொன்னதை அறுவையர்கள் இன்றும் நினைவுகூர்வார்கள்: முதல் அறுவைக்கு முன் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியது அனுபவமுள்ள பாராதைராய்டு அறுவையரைத்தான் என்றார் அவர். நான்கு சுரப்பிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும் பழைய முறையில், கைதேர்ந்தவர்கள் படமே இல்லாமலும் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணப்படுத்துகிறார்கள். பத்துத் தைராய்டு அறுவைக்கு நடுவே எப்போதாவது ஒரு பாராதைராய்டு பார்ப்பவரிடமும், இதையே தொழிலாகச் செய்பவரிடமும் முடிவுகள் ஒன்றாக இருக்காது. தமிழ்நாட்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் நாளமில்லாச் சுரப்பி அறுவைக்கென்றே தனித்துறைகள் உள்ளன. படம் தெளிவாகத் தெரியாதவருக்கும், ஒருமுறை அறுத்தும் கால்சியம் இறங்காதவருக்கும் அத்தகைய துறையை நாடுவதே நல்லது.

ஆகவே பல்லடத்துப் பெண்ணின் படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று அறிக்கை வந்தாலும் அவருடைய கால்சியமும் பி.டி.எச். அளவும் மாறிவிடுவதில்லை. சிறுநீரில் 24 மணி நேரத்தில் வெளியேறும் கால்சியத்தையும் அளந்திருக்க வேண்டும். பரம்பரையாகக் கால்சியம் சற்று உயர்ந்தே இருக்கும் தீங்கற்ற நிலை ஒன்று உண்டு; அதில் சிறுநீர்க் கால்சியம் மிகக் குறைவாக இருக்கும், அறுவை பயன் தராது. லித்தியம் மாத்திரையும், இரத்தக்கொதிப்புக்குத் தரும் சில நீர்பிரி மாத்திரைகளும் கால்சியத்தை ஏற்றலாம். இவற்றையெல்லாம் விலக்கிய பிறகுதான் படத்துக்கு அனுப்ப வேண்டும். சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்பவர்களுக்கு வரும் பாராதைராய்டு வீக்கம் வேறு வகை. அங்கே பெரும்பாலும் நான்குமே பெருத்திருக்கும் என்பதால் இந்தப் படத்தின் பயன் குறைவு. மார்புக்குள் ஒளிந்திருக்கும் சுரப்பியைத் தேடுவதற்கும், மறு அறுவைக்கும் மட்டும் எடுப்பார்கள்.

அறுவையும் அதன் பிறகும்

இடம் தெரிந்துவிட்டால் அறுவை எளிது. இரண்டு, மூன்று சென்டிமீட்டர் கீறல் போதும். பலர் மறுநாளே வீடு திரும்புகிறார்கள். கட்டியை எடுத்த பின் சரியானதைத்தான் எடுத்தோமா என்று மேசையிலேயே சோதிக்கவும் வழி உண்டு. பி.டி.எச். இரத்தத்தில் சில நிமிடங்களில் பாதியாகிவிடும் ஹார்மோன். எடுத்த பத்து நிமிடத்தில் அதன் அளவு பாதிக்குமேல் விழுந்தால், சுரந்துகொண்டிருந்தது அதுதான் என்று முடிவு செய்து கழுத்தைத் தைக்கலாம். விழவில்லை என்றால் வேறெங்கோ இன்னொன்று இருக்கிறது; படம் ஒன்றைத்தான் காட்டியது என்பதற்காக அங்கே நிறுத்தக் கூடாது.

எலும்பு நெடுங்காலம் அரிக்கப்பட்டவர்களுக்கு அறுவைக்குப் பின் ஒரு கட்டம் காத்திருக்கிறது. பல ஆண்டுகள் இழந்த கால்சியத்தை எலும்பு ஒரேயடியாக உறிஞ்சத் தொடங்கும். இரத்தத்தில் கால்சியம் சரசரவென இறங்கும். மருத்துவர்கள் இதைப் பசித்த எலும்பு நிலை என்கிறார்கள். உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் எறும்பு ஊர்வது போல் இருக்கும். கவனிக்காவிட்டால் கை கால் இழுக்கும். தாமதமாக வரும் நம் நோயாளிகளிடம் இது அதிகம் என்பதால் முன்கூட்டியே வைட்டமின் டி அளவைச் சரிசெய்து, அறுவைக்குப் பின் கால்சியமும் வைட்டமின் டியும் தாராளமாகத் தருவார்கள். ஊரில் "கால்சியம் கூடுன நோய்க்குக் கால்சியம் மாத்திரையா?" என்று கேட்டு நிறுத்திவிடுபவர்கள் உண்டு, நிறுத்தக் கூடாது.

வலி சில வாரங்களில் குறையத் தொடங்கும். கரைந்த எலும்பு மீண்டும் கட்டுவதற்கு மாதங்களும் ஆண்டுகளும் ஆகும். ஏற்கெனவே உண்டான சிறுநீரகக் கல் தானாகக் கரையாது. புதிதாக வருவது குறையும். அறுவை முடிந்த ஆறாம் மாதத்தில் இரத்தக் கால்சியம் இயல்பாக இருந்தால்தான் குணமானதாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்.